தேனப்பன் பங்கு மரநாய்

பள்ளத்தூரில் மெய்யநாதன் இருக்கும் வீட்டை ரோட்டில் நின்று பார்த்தால் பாதி நீலம், பாதி மஞ்சள். வீட்டுக்கு எந்த நிறம் அடிப்பது என்று அவருக்கும் அண்ணன் தேனப்பனுக்கும் சண்டை வந்தது. ஆளுக்குப் பாதி அடித்துக்கொண்டார்கள். அந்தக் கோபத்தோடு அண்ணன் பினாங்குக்குப் போனவர்தான், அப்புறம் பேச்சே இல்லை. படித்த மனுஷர்கள், பெயிண்டுக்காகப் பிரிந்தார்கள்.

இப்போது மெய்யநாதன் மகள் சௌபர்ணிகாவுக்குக் கல்யாணம், அதுவும் பங்காளிகள் எல்லாருக்கும் பங்குள்ள இதே வீட்டில். பங்காளிகளில் மூத்தவர் தேனப்பன் முன்னே நிற்காவிட்டால் ஊர் கேட்கும். ஊர் கிடக்கட்டும், மெய்யநாதனுக்கே அண்ணன் இல்லாமல் ஒரு வேலையும் ஓடவில்லை. பத்திரிகை அனுப்பினார், பதில் இல்லை. போன் போட்டார், எடுக்கவில்லை.

இந்த லட்சணத்தில் ஒரு மரநாய் வேறு வந்து சேர்ந்தது. தோட்டத்துப் பப்பாளியையும் சப்போட்டாவையும் ஒன்று விடாமல் தின்றது. ஓட்டைத் தள்ளிக்கொண்டு கூரைக்குள் இறங்கி, ராத்திரி முழுக்க உருண்டது. மெய்யநாதன் மனைவி மீனாள் முகூர்த்தப் பட்டுப் புடவையை விரித்துப் பார்த்த நேரமாகப் பார்த்து மேலிருந்து மூத்திரம் பெய்தது. மரநாய் வாடை சோறு வேகிற வாசனை மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் “சாப்பாடு ஆயிருச்சா ஆச்சி?” என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

வனத்துறைக் காவலர் சின்னக்கருப்பு வந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

“உங்க அண்ணன் ரூமுக்கு மேலதான் சார் படுத்திருக்கு. ரூமைத் திறங்க, உள்ள கூண்டு வச்சிருவோம்.”

அங்கேதான் சனியன் பிடித்தது. பங்காளி வீட்டில் ஒருவர் அறையை இன்னொருவர் திறக்கிற வழக்கமே கிடையாது. அறை பற்றி எரிந்தாலும் சாவிக்காரரைக் கேட்டுத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். “இப்போதைக்கு எம் பங்குத் தாழ்வாரத்துல வைங்க” என்று சொல்லிவிட்டு, மெய்யநாதன் முறைப்படி பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் அனுமதி கேட்டார்.

கல்யாணப் பத்திரிகைக்கு ஒரு கும்பிடுகூடப் போடாத குழு, மரநாய்க்கு எழுந்து உட்கார்ந்தது. ஓடு பொது, அதனால் மரநாயும் பொது என்றார் சிங்கப்பூர்ப் பங்காளி. காப்பிப் பழம் போட்டு வளர்த்தால் அது கழிக்கிற கொட்டைக்கு வெளிநாட்டில் ஏக கிராக்கி என்றார் கோயம்புத்தூர்ப் பங்காளி. கடைசியில் தேனப்பனின் குரலே வந்தது.

“எம் பங்குல இருக்கது எம் மரநாய். நான் வந்து பாக்காம எவனும் அதுமேல கை வைக்கப்படாது. டிக்கெட் போட்டாச்சு.”

மெய்யநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் கல்யாணத்துக்கு வராதவர் மரநாய்க்கு வருகிறாரே என்று கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எதற்கோ வருகிறார், போதும்.

அந்த நேரம் பார்த்து சின்னக்கருப்பு சிரித்த முகத்தோடு வந்து நின்றார்.

“காலையில தாழ்வாரத்துக் கூண்டுல மாட்டிக்கிருச்சு சார். நாச்சியாபுரம் தாண்டிக் காட்டுல விட்டுட்டு வந்துட்டேன். இனிமே நிம்மதியாத் தூங்குங்க.”

“அதையே திரும்பப் பிடிச்சுட்டு வர முடியுமா?” என்றார் மெய்யநாதன்.

சின்னக்கருப்பு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அன்றிலிருந்து அந்த வீட்டு மரநாய் மீனாள்தான். தேனப்பன் தினமும் போன் போட்டு, “சத்தம் கேக்குதான்னு பாப்போம்” என்பார். மெய்யநாதன் போனை உயர்த்திப் பிடிப்பார். மேலே தங்கள் பங்கு மச்சில் மீனாள் ஒரு தேங்காயை உருட்டுவாள்.

“நான் பொண்ணுக்கு அம்மாவா இருக்கவா, மரநாயா இருக்கவா? ஏதாச்சும் ஒண்ணைச் சொல்லுங்க” என்றாள் மீனாள்.

“அண்ணன் வர்ற வரைக்கும் மரநாயா இரு” என்றார் மெய்யநாதன்.

முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் கார் வந்து நின்றது. “வாங்கண்ணே” என்றார் மெய்யநாதன். தேனப்பன் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நேரே தன் அறைக்குப் போனார். பூட்டைத் திறந்து, பெட்டியைக் கீழே வைத்து, அண்ணாந்து பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை. திடீரென்று பக்கத்து மச்சில் தடதடவென்று உருண்டது. கூடவே குரலும் வந்தது.

“ஏங்க, போதுமா, இன்னும் உருட்டவா?”

மெய்யநாதனுக்கு உயிரே போய்விட்டது. “பிடிச்சுட்டுப் போயிட்டாகண்ணே. சொன்னா நீக வரமாட்டீகன்னு…”

தேனப்பன் குனிந்து பெட்டியைத் திறந்தார். மேலாக ஒரு பட்டு வேட்டி, அதன் கீழே சௌபர்ணிகாவுக்கு எடுத்த புடவை.

“மரநாயப் பாக்க எவனாச்சும் பட்டு வேட்டியோட வருவானாடா?” என்றார். “நீ கூப்பிட்டதும் ஓடி வந்தா எம் மரியாதை என்னாகுறது?”

மெய்யநாதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சிங்கப்பூர்க்காரன் வாரானா?”

“வேலை இருக்காம்ணே. ஒருத்தரும் வரலை.”

தேனப்பன் போனை எடுத்துக் குழுவைத் திறந்தார். மேலே பார்த்து, “மீனாள், நல்லாப் பலமா உருட்டு ஆத்தா” என்றார். தேங்காய் உருண்டது. அவர் போனில் நிதானமாகப் பேசினார்.

“மரநாய் அஞ்சு குட்டி போட்டிருக்கு. நாளைக்குப் பங்கு பிரிக்கிறோம்.”

சிங்கப்பூரில் இருந்து உடனே பதில் வந்தது.

“நான் வராமப் பிரிக்கப்படாது.”