அண்ணையின் முகத்துக்கு நேரே

பத்மநாதனுக்கு வலப்பக்கம் கண் சரியாகத் தெரிவதில்லை என்பது அவர் ஓட்டும் வான் வண்டியில் ஏறுகிற எல்லோருக்கும் தெரியும். சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கனடாவில், ரூஜ் பகுதியில் இருக்கும் வயதானவர்களை ஏற்றிக்கொண்டு றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போய்வருவது அவர் தானாகத் தலையில் போட்டுக்கொண்ட தொண்டு. அவர் வராவிட்டால் பலருக்குக் கோயிலே இல்லை.

அவருடைய தங்கை பிரதீபா கல்லூரியில் கிரேக்க மெய்யியல் படிப்பிக்கிறவள். தகப்பன் செத்தபின் அவளை வளர்த்து, கனடாவுக்குக் கூப்பிட்டு ஆளாக்கியது அண்ணன்தான். ஒரு வெள்ளி அவளும் முன் சீற்றில் இருந்தாள். வான் வலப்பக்கம் திரும்பியபோது தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு பெண் வீதியைக் கடந்துகொண்டிருந்தாள். பத்மநாதன் வேகத்தைக் குறைக்கவே இல்லை.

"அண்ணை!"

அவள் கத்திய பிறகுதான் பிரேக் விழுந்தது. அந்தப் பெண் வண்டியை இழுத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள்.

"இடையிலை வந்து விழுந்தால் நான் என்ன செய்யிறது?" என்றார் பத்மநாதன். அந்தப் பெண் கடப்பதற்குப் பச்சை விளக்குத்தான் எரிந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்தவர்கள் விட்ட இடத்திலிருந்து தேவாரத்தைத் தொடர்ந்தார்கள். பிரதீபாவும் வாய் திறக்கவில்லை.

அடுத்த வகுப்பில் அவள் நடத்தவேண்டியிருந்தது சோக்கிரட்டீஸ் காலத்து ஏதென்சைப் பற்றிய பாடம். அஞ்சாமல் உண்மை பேசுவதற்கென்றே அந்த ஊரில் ஒரு சொல் இருந்தது. எசமான் வேலைக்காரனை ஏசினால் அது அந்தச் சொல்லில் அடங்காது. கேட்பவர் பெரியவராக இருக்கவேண்டும். சொல்பவருக்கு இழக்க ஏதாவது இருக்கவேண்டும். சொல்வதும் கேட்பவரின் நன்மைக்காக இருக்கவேண்டும். எத்தனையோ வருடம் படிப்பித்த பாடம். அன்று பாதியிலேயே பாடக் குறிப்பை மூடிவைத்தாள். வானில் ஏன் பேசாமல் இருந்தாய் என்று தன்னையே கேட்டாள். மரியாதை என்று மனம் சொன்னது. கிண்டிப் பார்த்தால் அது மரியாதையே இல்லை. அண்ணை முகத்தைத் திருப்பிவிடுவாரோ என்ற பயம்.

வகுப்பு முடிந்ததும் நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணை, உங்களுக்கு வலப்பக்கம் தெரியேல்லை. இனி நீங்கள் வான் ஓடக்கூடாது."

"ஆர் உனக்குச் சொன்னது?"

"நான்தான் சொல்லுறன். அந்தப் பிள்ளையை நீங்கள் காணேல்லை."

பத்மநாதனின் முகம் கறுத்தது. "படிப்பிச்சு விட்டவனுக்கே படிப்பிக்க வந்திட்டாய். அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லேல்லை?"

"பயம் அண்ணை. நீங்கள் என்னோடை கதைக்காமல் விட்டிடுவீங்கள் எண்ட பயம். இப்பவும் இருக்கு. ஆனால் உங்கடை கையாலை ஒரு குழந்தை சாகிறதைப் பாத்துக்கொண்டு என்னாலை இருக்கேலாது. கண்ணை டொக்டரிட்டைக் காட்டாமல் வெள்ளிக்கிழமை வானை எடுத்தீங்கள் எண்டால், எல்லாருக்கும் முன்னாலை இதையே சொல்லுவன்."

"வெளியிலை போ."

வெள்ளிக்கிழமை வந்தது. வான் வழக்கமான இடத்தில் நின்றது. பத்மநாதன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். பிரதீபா கதவடியில் நின்றாள்.

"அண்ணைக்கு வலப்பக்கம் கண் தெரியிறேல்லை. ஒருத்தரும் ஏறாதேங்கோ. நான் ஓடுறன்."

ஒருவரும் அசையவில்லை. "பொம்பிளைக்கு உவ்வளவு வாயோ?" என்று ஒரு கிழவர் முணுமுணுத்தார். அப்போது, வானில் எப்போதும் முதலாவதாக ஏறுகிற பேபி அன்ரி, கைத்தடியை ஊன்றிக்கொண்டு பிரதீபாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"தம்பி பத்மநாதன், உவள் சொல்லுறது உண்மை. நாங்கள் ஒவ்வொரு கிழமையும் உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டுதான் வாறம். உன்னை நோகடிக்கக்கூடாது எண்டு வாயை மூடிக்கொண்டிருந்தம்."

பத்மநாதன் அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். யாரும் மறுக்கவில்லை. வான் திறப்பை ஸ்டியரிங்கடியில் தொங்கவிட்டுவிட்டு இறங்கி, வீட்டுப்பக்கம் நடந்தார்.

பிறகு அவர் தானாகவே போய்க் கண்ணைக் காட்டினார். கண் டொக்டர் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் கூடிய அமுக்கம் வலப்பக்கப் பார்வையை ஏற்கெனவே தின்றுவிட்டது, மருந்து போட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். இதைக்கூட பிரதீபா பிறர் சொல்லித்தான் அறிந்தாள். அண்ணன் அவள் போனை எடுக்கவில்லை. தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுபோனபோது கதவும் திறக்கவில்லை. வாசலில் வைத்துவிட்டு வந்து, காருக்குள் இருந்து அழுதாள். ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்க அவளுக்கு ஒரு கணமும் தோன்றவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் வானை அவளே ஓட்டினாள்.

பனி கொட்டத் தொடங்கிய ஒரு வெள்ளி, பத்மநாதன் தெருவோரத்தில் நின்றார். ஒன்றும் பேசாமல் ஏறிக் கடைசிச் சீற்றில், பேபி அன்ரிக்குப் பக்கத்தில் இருந்தார். வான் நெடுஞ்சாலையில் ஏறியதும் அவர் குரல் கேட்டது.

"அன்ரி, உவளை மெதுவாப் போகச் சொல்லுங்கோ. றோட்டு வழுக்குது."

"ஓம் அண்ணை," என்று பிரதீபா வேகத்தைக் குறைத்தாள்.