நாலாவது கை

"எரியுதும்மா."

"எரியட்டும். எரிஞ்சாத்தான் புத்தி வரும். அந்தக் கையையும் நீட்டு."

பள்ளிக்கூடத்துப் பையைக்கூட இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை, வாண்டு கையை நீட்டினாள். துணி துவைக்கிற சோப்பும் பாத்திரம் தேய்க்கிற நாரும் தயாராக இருந்தன. அம்மா, அந்தத் தெருவின் தையல்காரி, மகளின் விரலிடுக்குகளில் நாரை விட்டு அழுத்தித் தேய்த்தாள். நுரை மணிக்கட்டு வரை ஏறியது. அந்த நுரைக்குள் இருப்பது ஆறு வயசுப் பிள்ளையின் கை என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை. சிட்டு தொட்ட கை என்றுதான் நினைத்தாள்.

சிட்டு வாண்டுவின் வகுப்புத் தோழி. சாக்கடை அடைப்பு எடுப்பவரின் மகள். அந்த மனிதருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருக்கும். தெருவில் யாருக்கும் தெரியாது. 'அடைப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். சாக்கடை பொங்கினால் விடியற்காலையிலேயே ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். அவர் இறங்கி, கழுத்தளவு நாற்றத்தில் நின்று, தெருவைச் சுத்தமாக்கிவிட்டு ஏறி வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டால், சொம்பு மேல் படாமல் தூக்கிப் பிடித்து ஊற்றுவார்கள். அழுக்கைப் போட்டவர்கள் சுத்தம், எடுத்தவர் அழுக்கு. நல்ல நியாயம்!

இவ்வளவுக்கும் காரணம் புது டீச்சர். ஒன்றாம் வகுப்புக்கு வந்து ரெண்டு மாதம்தான் ஆகிறது. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று ஹெட்மாஸ்டர் சொல்லியிருந்தார். அவள் பிள்ளைகளை பெஞ்சிலிருந்து இறக்கித் தரையில் வட்டமாக உட்கார வைத்தாள். மணலில் எழுத்து, புளியங்கொட்டையில் கணக்கு, களிமண்ணில் ஆடு மாடு. தையல்காரியின் கடைக்கே வந்து, "அக்கா, வெட்டுத்துணி, உடைஞ்ச பட்டன் எது இருந்தாலும் குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போனாள். தையல்காரியும் ஒரு பை நிறையக் கொடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே துணியின் ரகம் சொல்லுவேன் என்று அன்றைக்கு அவளிடம் பெருமையடித்துக்கொண்டாள். அது பொய்யில்லை. கரண்ட் போன நேரத்தில்கூட அவள் கை ரகம் தப்பியதில்லை.

அந்த வெட்டுத்துணியில் ஒன்றைத்தான் டீச்சர் கண்கட்டும் துணியாக்கினாள். கண்ணைக் கட்டிக்கொண்டு கூட இருப்பவரின் கையைத் தொட்டுப் பார்த்து, யார் என்று சொல்ல வேண்டும். "நான் சிட்டுவைக் கண்டுபிடிச்சேன்மா, முதல் தடவையே!" என்று வாண்டு குதித்துக்கொண்டு வந்து சொன்ன அன்றைக்கு ஆரம்பித்தது இந்த நாரும் சோப்பும். மூன்று வாரமாகத் தினமும் நடக்கிறது.

கணவர் ஒருநாள், "அவ கையைக் கொஞ்சம் வெளிச்சத்துல பாரேன்" என்றார். அவள் எரிந்து விழுந்தாள். உங்களுக்கென்ன, நாளைக்கு நாலு பேர் என் கடைக்குத் துணி கொடுக்க யோசித்தால் நீங்களா வந்து பதில் சொல்வீர்கள் என்று கேட்டாள். அவர் வாயை மூடிக்கொண்டார். அந்த வீட்டில் அவருக்கு நன்றாகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

அவள் பள்ளிக்கூடத்துக்கும் போய்ப் பேசினாள். ஹெட்மாஸ்டர் டீச்சரைக் கூப்பிட்டு, அந்தப் பெண்ணை மட்டும் கொஞ்சம் ஓரமாக உட்கார வைத்தால் என்ன என்று கேட்டாராம். அதற்கு டீச்சர், "பிள்ளைங்க வட்டமா உட்கார்ந்திருக்காங்க சார். வட்டத்துல ஓரம் எங்க இருக்கு?" என்றாளாம். வேலை நிலைக்காதவளுக்கு இவ்வளவு வாயா என்று தையல்காரிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கே மனு எழுதினாள். சிட்டுவைக் கதவோரம் தனி பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும், விளையாட்டில் சேர்க்கக் கூடாது, முடியாதென்றால் டீச்சரை மாற்ற வேண்டும். முதல் கையெழுத்து அவளுடையது, ரெண்டாவது பேக்கரிக்காரருடையது. மொத்தம் இருபத்தொன்று சேர்ந்தது. பெற்றோர் வந்து வகுப்பைப் பார்க்கும் நாளில் கொண்டுவாருங்கள், அன்றைக்கே முடிவு சொல்லிவிடுகிறேன் என்றார் ஹெட்மாஸ்டர்.

அந்த நாளும் வந்தது. மனு தையல்காரியின் கைப்பையில் நாலாக மடிந்து கிடந்தது. சிட்டுவின் அப்பா உள்ளே வராமல் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை, அவருக்கே பழகிப்போயிருந்தது.

பிள்ளைகள் மணலில் எழுதிக் காட்டினார்கள், கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் குவித்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் டீச்சர், பெரியவர்களும் ஒரு ஆட்டம் ஆடுங்களேன், கண்ணைக் கட்டிக்கொண்டு உங்கள் பிள்ளையைக் கண்டுபிடியுங்கள் என்றாள். சிரிப்பு எழுந்தது. அக்காதான் முதலில், கண்ணை மூடிக்கொண்டே எல்லாம் சொல்லுகிற ஆளாயிற்றே என்று தையல்காரியைத் தள்ளிவிட்டார்கள். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு, தொட்டாலே தெரிந்துவிடும் என்று பேக்கரிக்காரர் கேலி செய்தார். தையல்காரியும் சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் கடையின் கருநீலத் துணி அவள் கண்ணிலேயே ஏறியது.

ஐந்து பெண்பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள்.

முதல் கை புசுபுசுவென்று இருந்தது. இல்லை. ரெண்டாவதில் நகம் கடித்த விரல். இல்லை. மூன்றாவது நீளக் கை. அதுவும் இல்லை.

நாலாவது கை பட்டதும் அவள் முகம் சுளித்தது. காய்ந்து, வெடித்து, முட்டியெல்லாம் சொரசொரவென்று சாக்குத்துணி போல இருந்தது. வெடுக்கென்று உதறினாள்.

"இது அந்தப் பொண்ணு. சொல்லவே வேணாம், அப்பன் பிழைப்பு கையிலேயே தெரியுது" என்று உரக்கச் சொல்லிவிட்டு உள்ளங்கையை மடியில் துடைத்துக்கொண்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. அதை அவள் கவனிக்கவில்லை. ஐந்தாவது கை வந்துவிட்டது. மெத்தென்று, கொஞ்சம் வியர்த்து, வெதுவெதுப்பாக. அவள் முகம் மலர்ந்தது.

"இதுதான் என் தங்கம். பெத்தவளுக்குத் தெரியாதா?" என்று அந்தக் கையை இழுத்துக் கன்னத்தில் வைத்து முத்தமும் கொடுத்தாள். கண்கட்டை அவிழ்த்தாள்.

எதிரே சிட்டு நின்றாள். அந்தத் தெருவில் பெரியவர்கள் யாரும் அதுவரை அவள் கையைப் பிடித்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அசையாமல் நின்றாள்.

அவளுக்குப் பக்கத்தில் வாண்டு. உதறப்பட்ட கையை அவள் இன்னும் மடக்கவில்லை.

"நான்தாம்மா" என்றாள். "கழுவிட்டுத்தான் வந்தேன். ரெண்டு தடவை கழுவினேன்."

தையல்காரி அந்தக் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். விரலிடுக்கெல்லாம் வெடிப்பு. முட்டியில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. துணியில் ஒரு இழை விலகினால் கண்டுபிடிக்கிறவள், மூன்று வாரமாக இதைப் பார்க்கவில்லை. பார்க்கச் சொன்னவரையும் கடித்துக் குதறினாள். நான்தானே செய்தேன், என் கையாலேயே செய்தேன் என்று அவளுக்கு உறைத்தது. அப்போதும் அவளுடைய இடது கை சிட்டுவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே அந்தப் பெண்ணின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

ஹெட்மாஸ்டர் தொண்டையைச் செருமினார். மனு கொண்டு வந்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

"பையில இருக்கு சார். என் கையெழுத்தை அடிச்சிட்டுத் தரேன்."

"மீதி இருபது பேர் இருக்காங்களேம்மா."

"ஆமா, நாங்க போட்டது போட்டதுதான்" என்றார் பேக்கரிக்காரர்.

தையல்காரி எழுந்தாள். கண் நிறைந்திருந்தது, துடைக்கவில்லை. கருநீலத் துணியை அவரிடம் நீட்டினாள்.

"அப்ப நீங்க உட்காருங்க. உங்க பையனைக் கண்டுபிடிங்க."

டீச்சர் ஐந்து பையன்களை வரிசையில் நிறுத்தினாள். பேக்கரிக்காரரின் மகன் முந்திக்கொண்டு கையை நீட்டினான்.

பேக்கரிக்காரர் தன் கைகள் இரண்டையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.