பவித்ரா பெயரில் பதிந்த குரல்

வாழவந்தி என்ற மலைக்கிராமத்தைத் தாண்டி, பஸ் திரும்பும் இடத்தில் இருந்த தொடக்கப் பள்ளியில் அமுதவல்லி மூன்றாம் வகுப்பு ஆசிரியை. சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் மலையேறி வருவாள். வகுப்பில் பதினாறு பிள்ளைகள். ஜூலையில் பள்ளிக்கு டேப் எனப்படும் கைக்கணினிகள் நான்கு வந்தன. பிள்ளை ஒரு பத்தியைச் சத்தமாக வாசித்தால், டேப்பில் இருக்கும் செயற்கை நுண்ணறிவு கேட்டு மதிப்பெண் போடும். நன்றாக வாசித்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

ஏற்கெனவே எழுத்துக் கூட்டத் தெரிந்த மாதேஷ் போன்ற பிள்ளைகள் டேப்போடு போட்டி போட்டுக்கொண்டு தேறினார்கள். சிலர் 'வீடு' என்று இருப்பதை 'ஊடு' என்று வாசித்தார்கள். அதற்கும் சிவப்பு விழுந்தது. இந்த இயந்திரத்துக்கு நம் பிள்ளைகளின் பேச்சு புரியவில்லை என்று அமுதவல்லி எல்லோரிடமும் குறைபட்டுக்கொண்டாள். அதில் பாதிதான் உண்மை. அவள் வகுப்பிலிருந்த பவித்ராவுக்கு 'ஊடு' என்று வாசிக்கக்கூடத் தெரியாது. அவளுக்கு இன்னும் எழுத்தே பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில், டேப் மதிப்பெண்படி பள்ளிகளின் தரவரிசை வரும். ஐந்து வாரமாக அமுதவல்லியின் பள்ளிதான் கடைசி. தலைமையாசிரியர் ஜீவானந்தம் சத்தம் போடுகிறவர் இல்லை. "இந்த வாரமும் நாமதானுங்களா டீச்சர்?" என்று மட்டும் கேட்பார்.

ஆறாவது வாரம் ஒரு மதியம். பிள்ளைகள் சத்துணவுக்குப் போயிருந்தார்கள். அமுதவல்லி கதவைச் சாத்திவிட்டு டேப்பை எடுத்தாள். சிவப்பில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, குரலை மெலிதாக்கிக்கொண்டு, அந்தப் பத்தியைத் தானே வாசித்தாள். நம்பும்படி இருக்க அங்கங்கே வேண்டுமென்றே தடுமாறவும் செய்தாள்.

"மிக அருமை, பவித்ரா!" என்றது டேப்.

"ஏனுங்க டீச்சர், அது எம் பேரச் சொல்லுதுங்க?"

தட்டை மறந்து போயிருந்த பவித்ரா, அதை எடுக்கக் கதவைத் திறந்துகொண்டு நின்றிருந்தாள்.

"நெட் வருதான்னு பாத்தேன் கண்ணு. போ, சோறு ஆறிடும்."

பவித்ரா தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அமுதவல்லிக்குக் காதெல்லாம் சுட்டது. ஆனாலும் மீதிப் பெயர்களுக்கும் வாசித்து முடித்தாள். அடுத்த வாரமும் வாசித்தாள். பிறகு அது பழகிவிட்டது.

டிசம்பரில் அவள் பள்ளி இரண்டாம் இடத்துக்கு வந்தது. அதைப் பாராட்ட மேலதிகாரி ஒருவர் நேரில் வந்தார். அதிக மதிப்பெண் எடுத்த பிள்ளையைத் தாயோடு பார்க்க வேண்டும் என்றார். பட்டியலில் முதல் பெயர் பவித்ரா.

காப்பிப் பழம் பறிக்கிற காலம். பவித்ராவின் அம்மா தங்கம்மா எஸ்டேட்டில் சொல்லிவிட்டு, புடவை மாற்றிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி ஒரு புத்தகத்தை விரித்து நீட்டினார்.

"எங்கே, படி பாப்பா."

பவித்ரா பக்கத்தைப் பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள். அமுதவல்லி அப்போதே எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் குனிந்து மேசை விரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

"தொண்ட கட்டிக்கிச்சுங்க சார்," என்றாள் பவித்ரா. சொல்லிவிட்டு இருமினாள்.

"காத்தால நல்லாத்தானுங்க இருந்துச்சு," என்றாள் தங்கம்மா குழப்பத்தோடு.

"பரவாயில்லம்மா, அதான் டேப்ல பதிவாயிருக்கே!" அதிகாரி சிரித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அமுதவல்லியும் தட்டினாள்.

பள்ளி விட்டதும் பவித்ராவைத் தனியே கூப்பிட்டாள். "எதுக்கு கண்ணு அப்படிச் சொன்ன?"

"இல்லாட்டி நீங்க மாட்டிக்குவீங்கல்ல டீச்சர்."

அன்று அமுதவல்லி வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டாள். பவித்ராவோடு எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டுக்கு நடந்து போனாள். வாசலில் நின்றபடியே தங்கம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. தங்கம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை.

"அப்ப எம் புள்ளைக்குப் படிக்கத் தெரியாதுங்களா?"

"இன்னும் தெரியலைங்க. நான்தான் சரியாச் சொல்லித் தரல."

"எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டர் வரைக்கும் சொல்லிப்போட்டேனுங்களே, எம் புள்ள நொம்ப நல்லாப் படிக்குதுன்னு."

தங்கம்மா திட்டவில்லை. உள்ளே வரச் சொல்லவும் இல்லை. மகளின் தலையைத் தடவினாள். பிறகு, "கடைசி பஸ் போயிருமுங்க," என்றாள்.

மறுநாள் காலை அமுதவல்லி நடந்ததைக் கடிதமாக எழுதி ஜீவானந்தத்தின் மேசையில் வைத்தாள். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமுங்க டீச்சர்," என்றார். துறையிலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பள்ளி மறுபடி கடைசிக்குப் போனது. குழுவில் யாரும் ஒன்றும் எழுதவில்லை. வேறொரு பள்ளி ஆசிரியை மட்டும் தனியாகப் போன் செய்து, "நீங்க மட்டுமா பண்ணீங்க? எதுக்கு வெளியே சொன்னீங்க?" என்று கேட்டாள். அமுதவல்லிக்கு அது ஆறுதலாக இல்லை.

அதற்குப்பின் முதல் பஸ்ஸில் வந்து, மணியடிக்கும் முன்பே சிவப்பில் இருந்த பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டாள். டேப்பையும் விடவில்லை. எழுத்தைத் தொட்டால் அது ஒலியைச் சொல்லும்; பவித்ரா அதனோடு சேர்ந்து சொல்லிவிட்டு மணலில் எழுதிப் பார்ப்பாள். தங்கம்மா வழியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி நின்று வழிவிடுவாள். பழைய சிரிப்பு இல்லை. அமுதவல்லியே வணக்கம் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நடப்பாள்.

மார்ச் மாதம் ஒருநாள் பவித்ரா நான்கு வரிகளைத் திக்கித் திக்கி வாசித்தாள். பச்சை விழுந்தது. அவள் சிரிக்கவில்லை.

"இது நானேதானுங்களா டீச்சர்?"

"நீயேதான் கண்ணு."

பவித்ரா தலையாட்டினாள். ஆனாலும் பதிவைத் திரும்ப ஓடவிட்டு, டேப்பைக் காதோடு ஒட்டி வைத்து, நான்கு வரியையும் கடைசிவரை கேட்டாள். அதுவரை அமுதவல்லி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.