மஞ்சள் துணிக்குக் கீழே

நானுஓயாவுக்கு இன்னும் சில வளைவுகள் இருக்கும்போதே சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. தர்ஷன் காரை ஓரங்கட்டுவதற்குள் பொனட் இடுக்கெல்லாம் ஆவி கிளம்பிவிட்டது. பக்கத்து சீட்டில் இருந்த அவன் மனைவி சர்மிளா ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். மூச்சு வாங்கவே அவளுக்கு நேரம் சரியாக இருந்தது.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுப் போனவள் அவள். நுவரெலியா ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு இரண்டு தரம் மெஷினில் படுத்து இரத்தத்தைச் சுத்தம் பண்ணினால்தான் அடுத்த தரம் வரை தாங்குவாள். போன தரம் மண் சரிந்து பாதை அடைபட்டதில் தவறிப்போயிற்று. இன்றைக்கும் தவறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று டொக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார். காலையில் அவள் பாதம் செருப்புக்குள் நுழையவில்லை.

கார் அந்தக் காலத்துச் சிறீ நம்பர் தகடு போட்ட கிழம். லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வாடகைக்கு ஹயர் ஓடி அவர்களுக்குச் சோறு போடுவதும் அதுதான். கொஞ்ச நாளாக அதற்குத் தாகம் பிடித்துவிட்டது. மலைத்தண்ணீர் விழும் பீலியைக் கண்ட இடமெல்லாம் நிறுத்தி ரேடியேட்டருக்கு ஊற்ற வேண்டியிருந்தது. "இது எவ்வளவு குடிச்சாலும் யாரும் ஏச மாட்டாங்க" என்பாள் சர்மிளா. குடிப்பது வெளியேறாமல் உடம்பிலேயே தங்கிவிடுவதால் அவளுக்கு நாள் முழுதுக்கும் சின்னப் போத்தல் தண்ணீர்தான் அனுமதி. அவள் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

லீக்ஸ் மரக்கறி ஏற்றிய லொறிகள் கை காட்டியும் நிற்கவில்லை. பஸ் படியில் ஆள் தொங்கப் போனது. போன் போட்டுக் கேட்டால், த்ரீவீல் ஓட்டோ வைத்திருக்கும் கூட்டாளி வினோஜன் அட்டனில் ஹயரில் இருந்தான். தர்ஷனுக்கு வந்த ஆத்திரமெல்லாம் தலவாக்கலையில் கராஜ் வைத்திருக்கும் றிஷாத்தின் மேல் திரும்பியது. போன மாதம் தண்ணீர் பம்பை மாற்றிக் கொடுத்தவர் அவர்தான். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிறபடி 'நானா' என்று அழைக்கும் அவருக்குப் போன் போட்டான்.

"என்னா நானா வேல பாத்தீங்க? பம்ப மாத்தியும் தண்ணி போவுதே! இங்க சர்மி மூச்சு முட்டிக் கெடக்கா!"

"கத்தாதீங்க தம்பி. எங்கால ஒழுகுது?"

"எல்லா எடமும் நனஞ்சு கெடக்கு. ஃபேன் அடிச்சு வாரி எறச்சிருக்கு."

"அப்ப நல்லா தொடச்சிட்டு, மேலால பவுடர் தூவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. முதல்ல எங்க ஈரம் படுதோ, அங்கதான் ஓட்ட. மூடிய சூட்டோட தொறந்துராதீங்க, மூஞ்சி வெந்துரும். போன வெச்சிராதீங்க, நான் லைன்ல இருக்கேன்."

பவுடருக்கு எங்கே போவது? சர்மிளா கைப்பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தது பெரிய கொடுமை. தேயிலை மலையிலிருந்து பனி இறங்கி வந்தது. எஞ்சின் மட்டும் ஆறுவேனா என்றது. ஒருவழியாக ஈரத்துணியைப் போட்டு மூடியைத் திறந்து, கேனில் இருந்த கடைசித் தண்ணீரை ஊற்றினான். ஸ்வெட்டரைக் கழற்றி எல்லாக் குழாயையும் துடைத்துத் திருநீற்றைத் தூவினான். சர்மிளா நகர்ந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டார்ட் பண்ணி, வீங்கிய காலால் அக்ஸிலரேட்டரை மிதித்தாள்.

பம்பில் திருநீறு வெள்ளையாகவே இருந்தது. கீழ்க்குழாயும் அப்படியே. மேல்குழாயில்தான், எஞ்சினோடு சேரும் முனைக்குக் கிட்ட, ஒரு சாம்பல் கோடு மெல்லக் கறுத்து இறங்கியது. அந்த இடத்தில் மஞ்சள் துணி ஒன்று கட்டியிருந்தது.

மகள் சுகமாக வேண்டும் என்று மாமியார் அழகம்மா முனியப்பனுக்கு நேர்ந்து, துணிக்குள் எலுமிச்சம்பழம் வைத்து முடிந்த காவல் அது. ஆடி ஓடி விழுந்துவிடக் கூடாதென்று கட்டுக்கம்பியால் இறுக்கியிருந்தாள். அன்றைக்குப் பொனட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவன் சாட்சாத் தர்ஷனேதான். அதன்பிறகு எத்தனை தடவை குழாய்களைத் தடவிப் பார்த்திருப்பான்! எண்ணெய்க் கை படக்கூடாதென்று அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுவான்.

"நானா, மஞ்சத் துணிக்குக் கீழ..."

றிஷாத் குரலைத் தாழ்த்தினார். "அதுல நான் கைவெக்கல்ல தம்பி. ஒங்கட சாமி விசயம், நான் தொட்டா நல்லா இரிக்காதுன்டு சுத்திச் சுத்தி வேல பாத்தேன். அவுத்துப் பாருங்க."

தர்ஷனின் கை முடிச்சுவரை போய் நின்றது. அவள் சுகமாகும்வரை அவிழ்க்கக் கூடாது என்பது நேர்த்தி. இப்போது அவிழ்த்து, அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பயம் அவனை முழுசாகப் பிடித்துக்கொண்டது.

சர்மிளா எஞ்சினை நிறுத்திவிட்டு, கதவைப் பிடித்து இறங்கி வந்தாள். "எனக்காகத்தானே கட்டினாங்க? நானே அவுக்கிறேன், தள்ளுங்க."

கம்பியின் கூர்முனை ரப்பரை அராவி அராவிப் பொத்தல் போட்டிருந்தது.

"முனைக்குக் கிட்டத்தானே? நல்லது" என்றார் றிஷாத். "ஓட்டையோட அந்தத் துண்ட வெட்டி எறிஞ்சிட்டு மிச்சத்த இழுத்து மாட்டுங்க. க்ளிப்ப நல்லா இறுக்குங்க."

அவன் கத்தியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது சர்மிளா, மெஷின் ஊசி ஏற்றுவதற்காக ஆபரேஷன் பண்ணிய இடது கையை விட்டுவிட்டு, வலது கையில் கேனைத் தூக்கிக்கொண்டு பாதையோரப் பீலிக்குப் போனாள். வெட்டிய ரப்பர்க் குழாய் வருவேனா என்றது. இழுத்து மாட்டி, ஸ்குரூ டிரைவரால் இறுக்கி நிமிர்ந்தவன் அவளைப் பார்த்தான். கேன் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அவள் குனிந்தே நின்றாள்.

திரும்பி வந்தபோது அவள் நாடியும் கழுத்தும் நனைந்திருந்தன.

"குடிச்சியா?"

"ம்."

"எவ்வளவு?"

"வயிறு நெறைய."

அவனுக்கு ஓங்கி அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. "ஏன் புள்ள? கார் போகலன்னா என்னா ஆவும்னு தெரியாதா?"

"ஒங்கள நம்பித்தாங்க குடிச்சேன். நீங்க சரி பண்ணிருவீங்க, மெஷின் அத எடுத்துரும்."

அவன் தண்ணீரை ஊற்றி மூடியைத் திருகினான். ஸ்டார்ட் பண்ணி, குழாயையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு சொட்டு வரவில்லை. நானுஓயா தாண்டி மேலே ஏறும்வரை பாதையைப் பார்த்ததைவிட அந்த முள்ளைத்தான் அதிகம் பார்த்தான். அது நடுவிலேயே நின்றது.

வார்டில் அவளுக்குரிய மெஷின் இன்னும் காலியாக இருந்தது. தராசில் அவள் நிறையைப் பார்த்த நர்ஸ் முகம் சிவந்து, "வத்துர பிவ்வத?" என்று சிங்களத்தில் அதட்டினாள். தண்ணீர் குடித்தாயா?

சர்மிளா தலையைக் குனிந்தாள். தர்ஷன் முன்னால் வந்து நின்றான்.

"மம தமய் துன்னே, மிஸ்." நான்தான் கொடுத்தேன்.

ஊசி ஏற்றி முடித்து, மெஷின் சுற்றத் தொடங்கும்வரை நர்ஸ் அவனை விட்டு ஏசினாள். மூளை இருக்கிறதா, மனைவியைக் கொல்லப் பார்க்கிறாயா, எல்லாம் கேட்டாள். தர்ஷன் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினான். பிறந்ததிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக அவன் யாரிடமும் ஏச்சு வாங்கியதில்லை.