ஊர்க்கடைப் பெருங்காயம்

டப்பாவைக் கவிழ்த்து அடியில் தட்டினாள் மெய்யம்மை. பழுப்பாகக் கொஞ்சம் தூள் உள்ளங்கையில் விழுந்தது. விரல் நுனியால் கூட்டிப் பார்த்தாள். ஒரு சிட்டிகைகூடத் தேறவில்லை.

உள்ளறையிலிருந்து முத்தப்பனின் இருமல் கேட்டது. நாலு நாளாகக் கஞ்சித் தண்ணீர்கூட வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த மனிதர், சற்று முன்னால்தான் கண்ணைத் திறந்து, "கொஞ்சம் ரசம் வச்சுத் தாறியா?" என்று கேட்டிருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு, "நம்ம ஊரு ரசம்" என்றும் சேர்த்துச் சொன்னார்.

புளியைக் கரைத்துவிட்டாள். மிளகும் சீரகமும் தட்டியாகிவிட்டது. பெருங்காயம் இல்லை. ஆத்தா போனதிலிருந்து அவள் ஊருக்குப் போவதில்லை. வருஷா வருஷம் சித்திரையில் முத்தப்பன் தேவகோட்டைக்குப் போய் வரும்போது கொண்டுவருவார். இந்த வருஷம் சித்திரைக்கு முன்பே அவர் கால் வீங்கத் தொடங்கிவிட்டது. பிறகு வயிற்றில் நீர் கோத்தது. கொழும்பில் பொரளை ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, இதயம் களைத்துவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஊருக்குக் கூட்டிப்போகட்டுமா என்று அவள் கேட்டதற்கு, கப்பலேறும் தலைமன்னார் வரைக்கும்கூடத் தாங்காது என்றார் டாக்டர்.

வேலைக்காரி பழனியம்மா மருந்து வாங்கப் போயிருந்தாள். வர நேரமாகும். மெய்யம்மை முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு மாக்ரெட்டைக் கூப்பிட்டாள்.

"செத்த நேரம் இவுக பக்கத்துல இரிங்க. மூலைக் கடை வரைக்கும் போயிட்டு ஓடியாந்துர்றேன்."

மாக்ரெட்டுக்கு ஆச்சரியம். கொட்டாஞ்சேனைக்கு வந்த இந்தப் பதினொரு வருஷத்தில் மெய்யம்மை கடைக்குப் போய் அவள் பார்த்ததில்லை. "நீங்க போயிட்டு வாங்கோ அக்கா. நான் இருக்கிறன்" என்று மட்டும் சொன்னாள்.

மெய்யம்மை ஒரே ஒரு தடவை அந்தக் கடைக்குப் போயிருக்கிறாள். அது வந்த புதிதில். ஸாலிஹின் பலசரக்குக் கடை. அவன் மடித்துக் கொடுத்த பெருங்காயத்தை அங்கேயே பிரித்து முகர்ந்து பார்த்து, "இது பெருங்காயமா, வேலம்பிசினா?" என்று கேட்டு, நாலு பேர் பார்க்கப் பலகைமேல் திருப்பி வைத்துவிட்டு வந்தவள். உப்பும் மண்ணெண்ணெயும் தவிர அந்தக் கடையிலிருந்து எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அன்றைக்கே புருஷனிடம் சொல்லிவிட்டாள்.

கடை என்றால் அவளுக்குத் தேவகோட்டைத் தேரடியில் இருந்த கருத்தமுத்துப் பிள்ளை கடைதான். அங்கே பருப்பு வாங்கினால் ஒரு பருப்பைக் கடித்துப் பார்க்கக் கொடுத்துவிட்டுத்தான் நிறுப்பார். பெருங்காயம் கேட்டால் கட்டியை உளியால் பெயர்த்து, வாங்க வந்தவர்களின் மணிக்கட்டில் ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை கை மணக்கும். கொழும்பில் மழை பெய்தால் அவளுக்கு அந்தக் கடையின் நினைப்பு வந்துவிடும். இங்கே மழை ஓயாது. அதனால் நினைப்பும் ஓயாது. புறக்கோட்டை அரிசிக் கிட்டங்கியிலிருந்து வந்து சாப்பிட உட்காரும் முத்தப்பனிடம், "இதே கொழம்பு கருத்தமுத்துப் பிள்ளை கடைப் பருப்புல வச்சிருந்தா…" என்று தொடங்குவாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிட்டு எழுந்திருப்பார்.

ஸாலிஹ் அவளைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டான். தாடி நரைத்திருந்தது.

"வாங்க ஆச்சி. ஐயாக்கு எப்பிடி ஈக்கி?"

"அப்படியேதான் இருக்காக. பெருங்காயம் வேணும். இருக்கறதுல நல்லதாக் குடுங்க."

ஸாலிஹ் முன்னால் இருந்த போத்தலைத் தொடவில்லை. உள்ளே போய், மெழுகுத்துணி சுற்றிய ஒரு கட்டியை எடுத்துவந்து, ஓரத்தில் உடைத்துக் காகிதத்தில் வைத்து நீட்டினான். வாங்கும்போதே வாசனை வந்துவிட்டது. மெய்யம்மை அதை மூக்கருகே கொண்டுபோனாள். மறுபடியும் முகர்ந்தாள். வருஷாவருஷம் முத்தப்பனின் டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் எழும்பி வீடு முழுக்கப் பரவும் அதே மணம்.

"இது எங்க கெடைச்சுச்சு ஒங்களுக்கு?"

"புறக்கோட்டைல, பலீல் ஹாஜியார்ட மொத்தக் கடைல. தூத்துக்குடில இருந்து வாற சாமான்."

"இது எங்க ஊர்க் கடைச் சரக்குல்ல?"

ஸாலிஹ் தராசைப் பார்த்தான். துடைக்க ஒன்றுமில்லாத பலகையைத் துடைத்தான். மெய்யம்மை நகர்வதாக இல்லை.

"ஐயா செல்ல வாணாம் எண்டு சென்னார்" என்றான் மெல்ல. "இப்ப ஐயா ஈக்கிற நிலைல, பொய் செல்லவும் மனசு வருதில்ல, ஆச்சி. நாலு வருஷமா ஐயா என்கிட்டத்தான் வாங்குறார். பருப்பு, வத்தல், காயம், எல்லாம். கோட்டை ஸ்டேஷன்ல இருந்து ரிக்ஷால வருவார். இங்க நிப்பாட்டி, பெட்டியத் தொறந்து, எல்லாத்தையும் உள்ள அடுக்கிட்டுத்தான் ஊட்டுக்குப் போவார்."

"எதுக்கு?"

"உங்கட உம்மா மௌத்தான வருஷம். நீங்க காய்ச்சல்ல படுத்து, போக ஏலாமப் போச்சே, அந்த வருஷம். ஐயா மட்டும் போய் வந்தார். அங்க அந்தக் கடைக்காரரும் காலமாகிட்டாராம். புள்ளைங்க கடைய மூடிட்டு ரங்கூனுக்குப் போயிட்டாங்களாம். இந்த இடத்துலதான் நிண்டார். 'ஆத்தா போன துக்கத்துலயே கெடக்கா ஸாலிஹ், கடையும் போச்சுன்னு எப்பிடிப் போய்ச் சொல்லுவேன்?' எண்டு கேட்டார்."

தெருவில் ஒரு மாட்டு வண்டி போயிற்று. மெய்யம்மை காகிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ரெண்டு பேருமாச் சேந்து என்னயப் பாத்துச் சிரிச்சிருப்பீக."

"அல்லாஹ் மேல ஆணை, இல்ல ஆச்சி." ஸாலிஹ் பதறிப்போனான். "எனக்குச் சந்தோஷம்தான். ஆச்சி நல்லா ஈக்கி எண்டு சென்னாங்களாம் எண்டு ஐயா வந்து செல்லுவார். என்ட சாமான உங்கட வாயால நல்லம் எண்டு கேக்கிறது லேசா?"

அவள் காசை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

கடையிலிருந்து வீடு கூப்பிடு தூரம்தான். அந்தத் தூரத்துக்குள் அவளுக்கு முதலில் வந்தது கோபம். நாலு வருஷமாக வெள்ளவத்தையிலிருந்து வந்துபோகும் சிநேகிதி சிவக்கொழுந்துக்கு, "எங்க ஊர்ச் சரக்கு, மோந்து பாருங்க" என்று இந்தத் தெருமுனைச் சாமானையா பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்? பொட்டலம் கட்டும்போது பக்கத்திலேயே நூல்கண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே இந்த மனுஷன், முகத்தில் ஒரு சலனம் இல்லாமல். கேட்டுவிடவேண்டும். இன்றைக்கே கேட்டுவிடவேண்டும். இனி எப்போது கேட்பது?

வாசலில் கால் வைத்ததும் அந்த இருமல் கேட்டது. நேரே அடுப்படிக்குப் போனாள்.

ரசம் நுரைத்து எழும்பும் நேரத்தில் இறக்கினாள். நெய்யில் கடுகு வெடிக்கவிட்டு, காயத்தைப் பொடித்துப் போட்டாள். மணம் அடுப்படியைத் தாண்டி உள்ளறைக்குப் போயிருக்கவேண்டும். "வாசமா இருக்கு" என்று மாக்ரெட் சொல்வதும், முத்தப்பன் ஏதோ முனகுவதும் கேட்டது.

மாக்ரெட் விடைபெற்றுப் போனதும், தலையணையை உயர்த்தி அவரைச் சாய்த்து வைத்து, கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு கரண்டி கொடுத்தாள். தொண்டையில் மெல்ல இறங்கியது. இன்னொன்று கொடுத்தாள். கேள்வி அவள் நாக்கு நுனியில் இருந்தது.

முத்தப்பன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். உடம்பெல்லாம் ஓய்ந்துபோயிருந்தாலும் கண் மட்டும் தெளிவாக இருந்தது. அதில் ஒரு கலக்கம் தெரிந்தது.

"காயம் தீந்திருக்குமே?"

பிடிபட்டுவிடுவோமோ என்று பயந்த பிள்ளையின் பார்வை. பதினேழு வயதில் அவரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்த முகத்தில் அப்படி ஒரு பார்வையை அவள் கண்டதில்லை. சாகக் கிடக்கிற மனிதர் இதற்காகவா பயப்படவேண்டும்?

"டப்பா அடியில ஒரு கட்டி கெடந்துச்சு" என்றாள் மெய்யம்மை. "ஒங்களுக்குன்னு ஒதுக்கி வச்சிருந்தேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நெற்றி தளர்ந்தது.

"பிள்ளை கடைச் சரக்கு…"

"ம்."

"அது மாதிரி வருமா?"

"வராது" என்றாள்.

இன்னும் சில கரண்டிகள் குடித்தார். போதும் என்று கையை லேசாக அசைத்தார். முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டாள். மீசையில் ஒரு கடுகு ஒட்டியிருந்தது. அதையும் எடுத்தாள். வெளியே வெயில் உறைத்தது. மாதா கோயில் பக்கமிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சத்தம் வந்தது.

"பழனியம்மா வந்துட்டாளா?" என்று கேட்டார்.

"இப்ப வந்துருவா."

பனையோலை விசிறியை எடுத்து வீசத் தொடங்கினாள். ஒரு கையால் வீசிக்கொண்டு, மறு கையை அவர் கைமேல் வைத்திருந்தாள். அவர் தூங்கிவிட்டார் என்று நினைத்தாள். எத்தனை நாளாகத் தூங்காத மனிதர், தூங்கட்டும் என்று சத்தமில்லாமல் வீசினாள். பழனியம்மா மருந்துப் போத்தலோடு உள்ளே வந்து, கட்டிலருகே நின்று பார்த்தாள். போத்தலைத் தரையில் வைத்தாள். குனிந்து, மெய்யம்மையின் கையிலிருந்த விசிறியைப் பிடித்தாள்.

"வீசினது போதும், ஆச்சி" என்றாள்.

சாயங்காலமே செட்டியார் தெருவிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். முத்தப்பனின் தம்பி மகன் ஏகப்பன் கிட்டங்கிக் கணக்கப்பிள்ளை. அவன்தான் எல்லாவற்றையும் முன்னின்று பார்த்தான். பிள்ளை இல்லாத பெரியப்பாவுக்குத் தானே கொள்ளி வைப்பதாகச் சொன்னான். மறுநாள் காலையில் பொரளைக் கனத்தைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். பாடையைத் தூக்கும்போது சன்னல் வழியாகப் பார்த்தாள் மெய்யம்மை. ஆண்கள் கூட்டத்துக்குச் சற்றுப் பின்னால், துவைத்த சட்டையும் தொப்பியுமாக ஸாலிஹ் நின்றான். ஊர்வலம் நகர்ந்ததும் அவனும் கூடவே நடந்தான்.

ஆண்கள் போனபின் வீட்டைக் கழுவி விட்டார்கள். ஈரத் தரையில் பெண்கள் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளவத்தையிலிருந்து வந்த சிவக்கொழுந்து, மெய்யம்மையின் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"கடைசியா ஏதும் சாப்பிட்டவரோ?"

"ரசம் குடிச்சாக."

"புண்ணியம். உங்கட ஊர்ச் சாமான் போட்டு வைச்ச ரசம்தானே? அந்த வாசம் ஆருக்கு வரும்! அவரும் அதைக் குடிச்சிட்டுத்தானே போயிருக்கிறார்."

மெய்யம்மை சுவரில் சாய்ந்திருந்தாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஒருவரும் கேட்கப்போவதில்லை.

"ஊர்ச் சாமான் இல்ல" என்றாள். "அந்தா, மூலையில இருக்கே ஸாலிஹ் கடை. அதுல வாங்கினது. ஒங்களுக்குக் குடுத்ததும் அதுதான்."

சிவக்கொழுந்தின் கை முதுகிலேயே நின்றது.

"நல்ல சாமான்" என்றாள் மெய்யம்மை.

துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று நினைத்திருக்கவேண்டும். சிவக்கொழுந்து, "ஓம், ஓம்" என்று சொல்லி மறுபடியும் தடவத் தொடங்கினாள்.

வெயில் சாய்ந்தபோது ஏகப்பன் குளித்த ஈரத்தலையோடு வந்து, வாசற்படியில் உட்கார்ந்தான்.

"பெரியாத்தா, பதினாறு கழிஞ்சதும் ஊருக்குப் போயிருவோம். நான் கொண்டுபோயி விட்டுர்றேன். இங்க தனியா இருந்து என்ன செய்யப் போறீக? அங்கின்னா நமக்கு எல்லாம் இருக்கு."

அங்கே என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

எல்லோரும் போய்விட்டார்கள். பழனியம்மா பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். மாக்ரெட் கோப்பையில் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். பாலில்லாமல், இஞ்சி தட்டிப் போட்டது. இந்தப் பதினொரு வருஷத்தில் பக்கத்து வீட்டுத் தண்ணீரை மெய்யம்மை வாயில் வைத்ததில்லை. மாக்ரெட்டும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. இன்றைக்கும் தயங்கித்தான் நின்றாள்.

மெய்யம்மை கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். ஒரு வாய் குடித்தாள்.

"சீனி காணுமோ, அக்கா?"

"காணும்" என்றாள் மெய்யம்மை.

போதும் என்பதை இந்த ஊர்க்காரர்கள் சொல்வதுபோலவே சொன்னாள். மாக்ரெட் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள். கோப்பை சுட்டது. மெய்யம்மை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.