மாமியார் கல்லறைக்குப் பக்கத்து மேடு

தன் இடது காலை எங்கே புதைத்திருக்கிறார்கள் என்பது கிருபாவுக்குத் தெரியவந்தது ஒரு சனிக்கிழமை காலையில், இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது.

மாமனார் யேசுதாசன் ஹாலில் நின்று ஃபோன் பேசிக்கொண்டிருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காது கொஞ்சம் மந்தம். அதனால் அவர் ஃபோன் பேசினால் சிட்லபாக்கத்தில் அந்தத் தெரு முழுக்கக் கேட்கும். சபைக் கமிட்டியிலிருந்து யாரோ கூப்பிட்டிருந்தார்கள். தாம்பரத்தில் இருக்கிற கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்யப் போகிறார்களாம். முள்ளை வெட்டி, பெயர் எழுதாத மேடுகளையெல்லாம் சமப்படுத்தப் போகிறார்களாம்.

"தாராளமா பண்ணுங்க, நல்ல காரியம்தான்," என்றார் யேசுதாசன். "ஆனா எங்க வீட்டம்மா கல்லறைக்கு வலது பக்கம் ஒரு சின்ன மேடு இருக்கும். அதை மட்டும் தொட்டுடாதீங்க... இல்லல்ல, குழந்தை இல்ல. மருமகளோட கால்."

கிருபாவின் விரல்கள் சட்னியிலேயே நின்றுவிட்டன.

யேசுதாசன் ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினார். மருமகள் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். என்ன நடந்துவிட்டது என்று அவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் வெளுத்துப்போனது.

"இன்னும் கொஞ்சம் சட்னி வைக்கவா மா?" என்றார்.

கிருபா குரோம்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. கல்லூரி நாட்களில் ஓட்டப்பந்தய வீராங்கனை. படிப்பு முடிந்த கையோடு அந்தப் பள்ளி மைதானத்துக்கு வந்தவள், பிறகு வேறெங்கும் போகவில்லை. பிள்ளைகளுக்கு அவள் 'பி.டி. மிஸ்'. பாதிப் பேருக்கு அவள் பெயரே தெரியாது. மீன் வாங்கப் போனால்கூட, "பி.டி. மிஸ் வந்துட்டாங்க, நல்ல வஞ்சிரமா எடு," என்பார்கள்.

பிப்ரவரியில் ஒரு காலை, ஸ்கூட்டரில் ஜி.எஸ்.டி. ரோட்டைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு தண்ணி லாரி சைகை காட்டாமல் இடது பக்கம் திரும்பியது. லாரியிலிருந்து தண்ணீர் கொட்டி மண் வாசனை எழுந்தது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஞாபகம் இருப்பது ஆஸ்பத்திரி மின்விசிறி. முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது.

புண் ஆறியது. செயற்கைக் கால் வந்தது. கம்பிகளுக்கு நடுவே பிடித்துப் பிடித்து நடந்து, பிறகு கோலோடு நடந்து, இப்போது தெருவில் கோல் இல்லாமலே நடக்கிறாள். ஆனால் நடக்கிறவள் யார் என்பதுதான் அவளுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. குப்பை கொட்ட வெளியே வந்தால் எதிர்வீட்டு ஆஷா, "உங்களப் பாத்தா எங்களுக்கே தைரியம் வருதுக்கா," என்று கண் கலங்குகிறாள். குப்பை கொட்டியதைத் தவிர வேறென்ன செய்தோம் என்று கிருபா யோசிப்பாள். கடவுள் செய்த நன்மையை எல்லோர் முன்னும் சொல்லும்படி சபையில் அவளைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். எதற்குச் சாட்சி என்று தெரியாததால் அவள் போகவில்லை. பள்ளித் தலைமையாசிரியை தபீதாள் மேடம் வேலையை அப்படியே வைத்திருந்தார். "லைப்ரரியைப் பாத்துக்கோயேன் கிருபா, உக்காந்த இடத்துலயே இருக்கலாம்," என்று சொல்லியிருந்தார். கிருபா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

போதாக்குறைக்கு, இல்லாத கால் வேறு வலித்தது. கட்டைவிரல் உள்பக்கமாக மடங்கிப் பிடித்துக்கொள்ளும். நீவிவிடக் குனிந்தால் அங்கே ஒன்றும் இருக்காது. மூளைக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை, போகப்போகச் சரியாகிவிடும் என்றார்கள்.

அந்தக் காலை என்ன செய்தார்கள் என்று ஆஸ்பத்திரியிலேயே அவள் கணவன் எபியிடம் கேட்டிருந்தாள். "அவங்களே பாத்துக்கிட்டாங்க," என்றிருந்தான். எரித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். புகையாகப் போய்விட்டது என்று ஒருவழியாக மனதை ஆற்றியும் வைத்திருந்தாள். இப்போது அந்தப் புகை மறுபடி காலாகி, தாம்பரத்தில் மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

எபி கறி வாங்கிக்கொண்டு உள்ளே வந்தபோது யேசுதாசன் மாடிக்குப் போயிருந்தார். இட்லித் தட்டு காய்ந்துகொண்டிருந்தது.

"என் கால் எங்க எபி?"

அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவளுடைய செயற்கைக் காலைப் பார்த்தான். "போட்டுக்கிட்டுத்தானே இருக்க?"

"அது இல்ல. இன்னொண்ணு."

எபி கறிப் பையைக் கீழே வைத்தான். வைத்தவன் நிமிரவில்லை.

"அப்பா சொன்னாரா?"

"கமிட்டிக்குச் சொன்னார். தெருவுக்கே கேட்டுச்சு. நீ ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது கிருபா? எந்த வார்த்தையில ஆரம்பிக்கிறது?" அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "ஆபரேஷன் முடிஞ்சு வெளிய வந்து கேட்டாங்க. நாங்க டிஸ்போஸ் பண்ணிடலாமா, இல்ல நீங்க எடுத்துக்கிறீங்களான்னு. அந்த வார்த்தை எனக்குத் தாங்கல. டிஸ்போஸ். எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம்தான், எடுத்துக்கிட்டு எங்க போறதுன்னு யோசிச்சேன்."

"எதுல கொண்டுபோன?"

"ஆட்டோவுல. மடியில வெச்சுக்கிட்டு." அவன் தன் மடியைப் பார்த்தான். "அவ்ளோ கனமா இருக்கும்னு எனக்குத் தெரியாது. ஆட்டோக்காரர் மீனா சார்னு கேட்டார். ஆமான்னேன்."

கிருபாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்புதானா என்று நிச்சயமாகத் தெரியாததால் அடக்கிக்கொண்டாள்.

"ஆயர் வந்தாரா?"

"வந்தார். ஆனா இதுக்கு என்ன ஜெபம் பண்றதுன்னு அவருக்கும் தெரியல. ஆள் இறந்தாதான் அடக்க ஆராதனை, ஆள் ஆஸ்பத்திரியில இருக்காங்களேன்னார். கடைசியில அப்பா, ஆயர், நான் மூணு பேரும் பரமண்டல ஜெபம் சொன்னோம். அப்புறம் திரும்ப உங்கிட்ட வந்தேன். நீ முழிச்சிருந்த. எங்க போனேன்னு கேட்ட. டீ குடிக்கப் போனேன்னு சொன்னேன்."

அவனைத் திட்டவேண்டும் என்றுதான் அவள் காத்திருந்தாள். திட்டத் தேவையான கோபம் வந்து சேரவில்லை. வேறு ஏதோ வந்தது. அதற்கு அவளிடம் பெயர் இல்லை.

"நான் பாக்கணும்," என்றாள்.

சாப்பாடு முடிந்து வெயில் தாழ்ந்ததும் இருவரும் ஆட்டோவில் போனார்கள். கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. ஒரு பக்கம் முள்ளை வெட்டிக் குவித்திருந்தார்கள். குழி வெட்டும் துலுக்காணம் பம்பு செட்டடியில் கை கழுவிக்கொண்டிருந்தவர், லுங்கியில் துடைத்தபடி வந்தார்.

"யாரப் பாக்கணும்மா?"

கிருபா வாயைத் திறந்தாள். என்ன சொல்வது? உறவினரைப் பார்க்க வந்தவர்கள் பெயர் சொல்வார்கள். அவள் எபியைப் பார்த்தாள். எபி, "எங்க அம்மா கல்லறை... அதுக்குப் பக்கத்துல..." என்று இழுத்தான்.

துலுக்காணம் அப்போதுதான் அவளுக்குப் பின்னால் நின்றவனைக் கவனித்தார். "அட, கால் எட்தாந்த சார்! நல்லாகீறீங்களா?" என்றவர் கிருபாவைப் பார்த்தார். குனிந்து அவள் பாதத்தைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார். "அப்போ இவுங்க..."

"என் ஒய்ஃப்."

"யக்கா, உயிரோடவா கீறீங்கோ?" துலுக்காணம் தலையில் கை வைத்துக்கொண்டார். "மன்ச்சுக்கோங்க. நான் இன்னா நெனச்சுகினு இருந்தேன்னா, ஆளும் பூட்டாங்கோ, வேற எங்கியோ சொந்த ஊர்ல வெச்சுட்டாங்கோ போலன்னு. மத்த மேட்டுக்குப் பூ போட வர்றவங்க மீந்த பூவ வெச்சுட்டுப் போவாங்க பாரு, அதுல ரெண்டு இதும்மேலயும் போட்டுகினு இருந்தேன்."

"எனக்குப் பூ போட்டீங்களா?"

"பாவம்னு போட்டேன்."

இந்த முறை கிருபாவுக்கு வந்தது சிரிப்பேதான். அவள் சிரிக்க, துலுக்காணமும் தயங்கித் தயங்கிச் சிரித்தார். எபி மட்டும் சிரிக்கவில்லை.

மேடு மிகச் சிறியது. ஒரு தலையணை அளவு இருக்கும். மாமியாரின் கல்லறை பளிங்கு பதித்து, பெயரும் வசனமும் எழுதி அழகாக இருந்தது. அதன் ஓரத்தில் அண்டிக்கொண்டதுபோல இது கிடந்தது. மேலே புல் முளைத்து, ஒரு காய்ந்த சாமந்திப் பூ மட்டும் ஒட்டியிருந்தது. கிருபா அதன் முன் நின்றாள். செயற்கைக் கால் மேடும் பள்ளமுமான மண்ணில் சரியாகப் பதியாமல் ஆடியது. எபி கை நீட்டினான். அவள் மாமியார் கல்லறையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்து வந்திருந்தாள். அழுகையோ, பயமோ. அந்தக் கால் ஓடிய ஓட்டங்களை நினைத்துப் பார்க்க முயன்றாள். ஆனால் நினைவுக்கு வந்ததெல்லாம் கணுக்கால் பக்கம் இருந்த ஒரு மச்சம்தான். அது உள்பக்கமா, வெளிப்பக்கமா? இவ்வளவு காலம் கூடவே இருந்த ஒன்று, அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. எபியிடம் கேட்டாள்.

"உள்பக்கம்," என்றான் எபி உடனே. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

கிருபா திகைத்துப்போனாள். அவள் படுத்திருந்த மாதங்களில் அவன் ஒருநாளும் அழுததில்லை. சூப் கொடுத்தான், கட்டு மாற்றினான், சிரித்துப் பேசினான். இவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. இப்போது இங்கே நின்று அழுகிறான்.

"அடிக்கடி வருவாரும்மா," என்றார் துலுக்காணம், யாரும் கேட்காமலே. "ஆபீஸ் போற வயில. அம்மாவப் பாக்க வர்றார்னு நெனச்சேன்." பிறகு மேட்டு விஷயத்துக்கு வந்தார். "கமிட்டில ஸ்ட்ரிக்டா சொல்லிகினாங்க சார். பேர் எய்தாத மேடு எல்லாம் சமம் பண்ணணுமாம். நீங்க ஒரு கல்லு வெச்சுப் பேர் எய்திட்டா பேஜார் இல்ல."

"எழுதிடலாம்," என்றான் எபி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"என்னன்னு எழுதுவ?" என்றாள் கிருபா.

"உன் பேர்தான்."

"எபி, இங்க எங்க ஸ்கூல் பசங்களோட அப்பா அம்மா எல்லாம் வருவாங்க. பி.டி. மிஸ் செத்துட்டாங்கன்னு நாளைக்கே வாட்ஸப்ல போயிடும். பிறந்த தேதி எழுதுவியா? இறந்த தேதி?"

"கிருபாவின் கால்னு..."

சொல்லும்போதே அது எப்படி ஒலிக்கிறது என்று அவனுக்கே உறைத்துவிட்டது. நிறுத்திக்கொண்டான்.

"சமம் பண்ணிடட்டும்," என்றாள் அவள். "எனக்கு ஒண்ணும் இல்ல. நிஜமாவே."

"எனக்கு இருக்கு," என்றான் எபி. கல்யாணமானதிலிருந்து அவன் அவளிடம் குரல் உயர்த்திப் பேசியது குறைவு. "உனக்கு இல்லன்னா இல்லாம இருக்கட்டும். நான்தான் அதைக் கொண்டு வந்தேன். என்னால விட முடியல. ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது."

அவள் மேட்டைப் பார்த்தாள். யாருடைய கால் இது என்று யோசித்தாள். முதலில் விடை சுலபமாகத்தான் தெரிந்தது. யோசிக்க யோசிக்க அது நழுவிப்போனது. அவள் உடம்போடு இருந்தவரை அவளுடையது. மயக்கத்தில் கிடந்தபோது அவளைக் கேட்காமலே அவனுடைய மடிக்குப் போயிருக்கிறது. அவளுக்காக அவன் சுமந்தானா, தனக்காகச் சுமந்தானா? கேட்டால் அவனுக்கும் சொல்லத் தெரியாது என்று தோன்றியது. ரயில் ஒன்று தூரத்தில் ஊதிக்கொண்டு போனது. துலுக்காணம் மரியாதையாகச் சற்றுத் தள்ளிப்போய் நின்றார்.

"நீ என்ன வேணா பண்ணிக்கோ எபி," என்றாள் கடைசியில். "ஆனா நான் இனிமே இங்க வரமாட்டேன். வரலைன்னு கோச்சுக்காத."

"கோச்சுக்க மாட்டேன்."

"இனிமே எங்கிட்ட டீ குடிக்கப் போனேன்னு சொல்லாத. அழணும்னா வீட்டுல அழு."

எபி தலையாட்டினான். திரும்பும்போது அவன் கையை அவள் பிடித்துக்கொண்டாள். மண் மோசமாக இருந்தது.

அடுத்த வாரம் எபி தனியாகப் போய், துலுக்காணத்தைக் கூட வைத்துக்கொண்டு, மேட்டைச் சுற்றிச் செங்கல் பதித்துச் சிமெண்ட் பூசிவிட்டு வந்தான். பெயர் எழுதினானா என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அன்றைக்கு அவன் சட்டையில் இருந்த சிமெண்டை அவள்தான் சுரண்டித் துவைத்தாள்.

அதற்குப் பிறகுதான் கிருபா தபீதாள் மேடத்துக்கு ஃபோன் செய்தாள். லைப்ரரி வேண்டாம், மைதானம்தான் வேண்டும் என்றாள். மைதானத்தில் என்ன செய்யப் போகிறாய் என்று மேடம் கேட்டார். "தெரியல மேடம், வந்து பாக்கறேன்," என்றாள். மேடம் பெருமூச்சு விட்டார். "அப்போ முதல் நாள் பிரேயர்ல கொஞ்சம் தன்னம்பிக்கையைப் பத்திப் பேசேன்," என்றார். அதற்கு மட்டும் கிருபா உறுதியாக மறுத்துவிட்டாள். தன்னிடம் அது எவ்வளவு இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது.

முதல் பீரியட் ஒன்பதாம் வகுப்பு. டிராக் பேண்டும் விசிலுமாக அவள் மைதானத்தில் இறங்கியபோது பிள்ளைகள் அரவமில்லாமல் வரிசையாக நின்றார்கள். யாரும் தள்ளிக்கொள்ளவில்லை, சிரிக்கவில்லை. இவ்வளவு ஒழுங்கை அவள் இந்த மைதானத்தில் பார்த்ததே இல்லை. எரிச்சலாக வந்தது. இரண்டு அணியாகப் பிரித்து த்ரோபால் ஆடச் சொன்னாள். அவர்கள் பந்தைப் பூப்போலத் தூக்கிப் போட்டார்கள்.

"என்ன இது, தாலாட்டா?" என்று கத்தினாள். பந்தை வாங்கிக்கொண்டாள். முன்பு போடுவது போலவே ஒரு சர்வீஸ் போட்டாள். கை தன் வேலையைச் சரியாகச் செய்தது. பந்து வலைக்கு மேலே விர்ரென்று போனது. ஆனால் உடம்பின் கனம் இடது பக்கம் சாயும்போது அங்கே தாங்க வேண்டிய கணுக்கால் வளையவில்லை. அவள் பக்கவாட்டில் சரிந்து புழுதியில் விழுந்தாள்.

மைதானம் உறைந்துபோனது. நித்யஸ்ரீ என்கிற பெண் அழத் தயாராக வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு பேர் தூக்கிவிட ஓடிவந்தார்கள்.

முழங்கை எரிந்தது. உடனே எழுந்திருக்க வேண்டுமா, கொஞ்சம் உட்கார்ந்திருக்கலாமா என்று அவளால் முடிவெடுக்க முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து மைதானம் வேறு மாதிரி தெரிந்தது. எல்லோரும் உயரமாக இருந்தார்கள்.

"யார் ஆட்டத்த நிறுத்தச் சொன்னது? போங்க, இடத்துக்குப் போங்க. பால் எங்க விழுந்துச்சு?"

அந்தப் பக்கத்து அணியிலிருந்து ஒரு குரல் வந்தது. "அவுட் மிஸ்!"

"இல்ல மிஸ், லைன் மேலதான் விழுந்துச்சு!" என்றாள் நித்யஸ்ரீ, பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டு.

"பொய் சொல்றா மிஸ், நாலு விரல் வெளிய!"

"நீ எங்கடி பாத்த? நீ மிஸ்ஸத்தானே பாத்துட்டு இருந்த!"

இரு பக்கமும் கத்த ஆரம்பித்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியைத் தள்ளினாள். எல்லோரும் தீர்ப்புக்காகக் கிருபாவைப் பார்த்தார்கள். விழுந்துகொண்டிருந்தவள் பந்தை எங்கே பார்த்தாள்?

"தெரியல," என்றாள் அவள், விசிலைத் துடைத்து வாயில் வைத்துக்கொண்டே. "மறுபடி போடுங்க."