தாசையன் பங்கிட்ட மீன்

மாமனார் தாசையனின் பிணத்துக்கு அஷ்வதி காலுறை மாட்டினாள். முழங்கால்வரை தோல் வெந்து சிவந்திருந்தது. குளிப்பாட்டிய பிறகும் மருந்து நெடி போகவில்லை.

நேற்று ஆற்றில் மீன்கள் மயங்கி மிதந்தன. மேலே யாரோ மீன் பிடிக்கக் காய் அரைத்து நஞ்சு கலக்கியிருக்கிறார்கள் என்று தாசையன் சந்தோஷமாக இறங்கினார். அப்படிப் பிடித்த மீனைத் தின்று இங்கே யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. வாரிக்கொடுக்கும் கை அவருக்கு. வீட்டுக்கு வீடு பங்கிட்டுவிட்டு வந்து, மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தவர் எழும்பவில்லை. நெஞ்சுவலி என்றார்கள். சாவு விழுந்த பதற்றத்தில் நேற்று யாரும் அந்த மீனைச் சமைக்கவில்லை.

சுமை ஆட்டோ ஓட்டும் அவள் புருஷன் ஜினுவின் சட்டையிலும் முந்தாநாள் இதே நெடி. இன்று விடியற்காலையில்தான் அவன் உண்மையைக் கக்கினான். ரப்பர்த் தோட்டத்து வாடகை வீட்டில் சிலர் போதைமருந்து காய்ச்சுகிறார்கள். அந்தக் கழிவைக் கேன் கேனாகப் பாலத்திலிருந்து ஆற்றில் கவிழ்த்தது இவன்தான். அவள் போய்ப் பார்த்தபோது கரையெல்லாம் தவளைகள் மல்லாந்து கிடந்தன. செத்த நண்டைக் கொத்திய கொக்கும் அங்கேயே விழுந்துகிடந்தது. மீனைத் தின்பவர்களுக்கும் இதே கதிதான் என்று அந்தக் கொக்கைக் கண்டதும் அஷ்வதிக்குப் புரிந்தது.

துக்கவீட்டில் அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து வீட்டு ஜீனா சோறும் குழம்புச் சட்டியும் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினாள்.

"பிள்ளையளுக்கு முதல்ல வெளம்பட்டு. மாமன் கடைசியா தந்த மீனாக்கும்" என்று இலை போட்டாள்.

ஜினு அஷ்வதியின் முழங்கையை அழுத்தினான். "மிண்டாதே. அடக்கம் கழியட்டு. இல்லெங்கி என்னெ இப்பமே கொண்டு போவாங்க."

அப்பனைப் புதைக்கும் முன் மகனைப் போலீஸ் கொண்டுபோனால் மாமியார் மரியம்மா தாங்கமாட்டாள். வாயைத் திறந்தால் குடும்பம் போச்சு. ஆனால் குழந்தைகள் இலைமுன் உட்கார்ந்துவிட்டார்கள்.

அஷ்வதி ஓடிப்போய்ச் சட்டியை மறித்தாள். "ஜீனாக்கா, மாமன் தந்த மீனெ ஆரும் தின்னண்டாம். வெசமாக்கும்."

நஞ்சு கலக்கிய மீனைத் தின்னாதவர்களா நாம், உனக்கு யார் சொன்னது என்று ஜீனா கேட்டாள். புருஷன் பக்கம் திரும்பினால் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று அஷ்வதி சட்டியையே பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பத் தேவையிருக்கவில்லை. ஜினுவே வந்து சட்டியைத் தூக்கினான். கொல்லையில் மண்வெட்டியால் குழி வெட்டிக் குழம்பைக் கொட்டினான். காகங்கள் இறங்கின. ஒரு கையால் விரட்டிக்கொண்டே மண்ணைத் தள்ளினான்.

மரியம்மா ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தாநாள் மகனின் அந்த நெடியடித்த சட்டையைத் துவைத்தவள் அவள்தான்.

பெட்டி மூடும் நேரம் வந்தது. மகனைக் கூப்பிட ஒருவர் எழுந்தார். மரியம்மா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அவன் வரண்டாம். மூடுங்கோ."

கொல்லையில் ஜினு காகங்களை விரட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.